வீட்டுச் சேதி என்ன?

சின்ன வெங்காயத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வரச் சொல்லித்தான் ஆசிரியர் என்னைக் குரும்பலூருக்கு அனுப்பினார். நேயர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வெங்காயம் அதிகம் இராது. வெங்காயம் உரிக்காமலே கண்ணில் நீரை வரவழைக்கும் கதை ஒன்று அங்கே எனக்குக் கிடைத்தது. அதையே சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூரில் துறையூர் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிப் பைக்குள் போடுவதற்குள் குரும்பலூர் வந்துவிடுகிறது. மேற்கே பச்சைமலை நீலமாகத் தெரிகிறது. பச்சைமலை ஏன் நீலமாக இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். சுற்றுவட்டாரமெல்லாம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். பறித்த வெங்காயத்தைத் தாளோடு அடுக்கி, காற்றுப் போக இடம் விட்டு, மேலே கீற்றுப் போட்டு மூடி வைக்கிறார்கள். அதற்குப் பட்டறை என்று பெயர். தமிழ்நாட்டில் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஜில்லா பெரம்பலூர். உங்கள் வீட்டுச் சாம்பாரில் நேற்று மிதந்தது இந்தப் பட்டறைகளில் ஒன்றிலிருந்து வந்ததாகவே இருக்கலாம்.

நான் தங்கியது தூரத்து உறவில் அத்தை ஒருத்தி வீட்டில். பட்டறை வைத்திருந்தது அடுத்த வீட்டுப் பெரியம்மா. வயது எழுபதை நெருங்கும். கழுத்தில் ஒரு செபமாலை, இடுப்பில் ஒரு சுருக்குப்பை, வாயில் எப்போதும் ஒரு வேலை ஏவல். கணவர் காலமாகிவிட்டார். மகன் பெரம்பலூரில் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் கன்னியர் மடத்தில் சேர்ந்து, நர்ஸ் படிப்புப் படித்து, இப்போது ஆப்பிரிக்காவில் தான்சானியா தேசத்தில் ஒரு சிறு மருந்தகத்தில் ஊழியம் செய்கிறாள்.

வெள்ளைக்காரப் பாதிரிமார்களும் அவர்களுடைய மனைவிமார்களும் கப்பலேறி நம் ஊருக்கு வந்ததைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். குரும்பலூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி அதே காரியத்துக்காக இங்கிருந்து விமானம் ஏறியிருக்கிறாள் என்றதும் எனக்கு வெங்காயம் மறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு மகளிடமிருந்து கைப்பேசி அழைப்பு வரும். இங்கே எட்டு என்றால் அங்கே மாலை ஐந்தரை. ஏழரைக்கே பெரியம்மா முகம் கழுவி, தலை சீவி, கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பேரன் கைப்பேசியைச் செம்பில் சாய்த்து நிறுத்தினான். அத்தையும் நானும் சுவரோரமாக உட்கார்ந்தோம்.

திரையில் ஒரு சிரித்த முகம் வந்தது. வெள்ளை உடை, தலையில் முக்காடு. "அம்மா, சாப்பிட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தாலும் தமிழ்நாட்டுப் பெண் வேறு எதைக் கேட்பாள்?

அதன்பின் சேதிகள் வரிசையாக வந்தன. அங்கே விடியுமுன் மணி அடிக்கிறது. பூசை முடிந்து ஏழு மணிக்கெல்லாம் மருந்தகத்துத் திண்ணையில் தாய்மார்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்து வருகிறவர்கள். குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, காய்ச்சல் என்றால் மலேரியாவா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பது, இதற்கே பொழுது சரியாகிவிடுகிறது. மழை நீரைத் தொட்டியில் பிடித்து அளந்துதான் செலவழிக்கிறார்கள். சாப்பாடு மக்காச்சோள மாவில் கிண்டிய களி. அதற்கு ஊகாலி என்று பெயர்.

"இங்க நாம கோழிக்கும் மாட்டுக்கும் போடுறத அங்க எம் பொண்ணு சாப்பிடுறா" என்று பெரியம்மா என் பக்கம் திரும்பிச் சொன்னார்கள். திரையில் இருந்தவள் சிரித்தாள். "கீரையோட சாப்பிட்டா நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள்.

இங்கிருந்து போன சேதிகள்: பேரன் கணக்கில் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறான், சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, எதிர்வீட்டுக்காரர் பட்டறையில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது. இப்படி ஒன்று விடாமல் மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். கன்றுக்கு என்ன பெயர் என்றுகூடக் கேட்டாள். பிறகு, "அம்மா, இதோ பாரு. தோட்டத்துல நம்ம வெங்காயம் போட்டிருக்கேன். முளைச்சிடுச்சு பாரு!" என்று கைப்பேசியைத் தூக்கி ஒரு பாத்தியைக் காட்டினாள்.

"ஆமா கண்ணு, நல்லா முளைச்சிருக்கு" என்றார்கள் பெரியம்மா.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கைப்பேசியை அல்ல. அதற்கு ஒரு சாண் தள்ளி, செம்புக்குப் பக்கத்தில் இருந்த சுவரை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை என் கையை மெல்ல அமுக்கினாள்.

பெரியம்மாவின் ரகசியம்

மறுநாள் பட்டறை ஓரம் உட்கார்ந்து வெங்காயத் தாள் அரியும்போது பெரியம்மாவே விஷயத்தைச் சொன்னார்கள். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. ஆப்பரேஷன் செய்துகொண்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியும் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

"போன பொங்கல்லேருந்து அவ முகம் எனக்குத் தெரியலம்மா. குரலை வெச்சுத்தான் சிரிக்கிறாளா, சோர்ந்திருக்கிறாளான்னு கண்டுபிடிக்கிறேன். அவ ஏதாச்சும் காட்டுவா. நானும் நல்லா இருக்குன்னு சொல்லிடுவேன்."

"அவர்களிடம் ஏன் பெரியம்மா சொல்லவில்லை?"

"சொன்னா அவ மனசு இங்க வந்துடும். அங்க வேல கெட்டுடும். அவங்க அப்பா சாவுக்கே வர முடியல. தம்பி தூக்கிப் பிடிச்ச போன்லதான் அடக்கத்தைப் பார்த்தா. அன்னைக்கு அவ அழுத அழுகை இன்னும் என் காதுல இருக்கு."

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மகளுக்கு ஊருக்கு வர லீவு உண்டு. இந்த வருஷம் வரவேண்டிய முறை. கூட இருந்த இன்னொரு சிஸ்டருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, மருந்தகத்தை மூட மனமில்லாமல் அவள் லீவை ஒத்திப்போட்டுவிட்டாள். அவள் வருவாள் என்று போட்டு வைத்த வெங்காய வடகம் ஒரு தூக்கு நிறைய அடுப்படிப் பரண்மேல் இருந்தது.

பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "நீ படிச்ச பொண்ணு. எனக்கு ஒரு கடுதாசி எழுதித் தரணும். அவளுக்கு இல்ல. அவங்க மடத்துப் பெரிய மதருக்கு. போதும், எம் மகளை ஊரோட அனுப்பிடுங்கன்னு எழுது. சனிக்கிழம ஏலாக்குறிச்சிக்கு வேன் போவுது. மாதா காலடியில வெச்சுட்டுத் தபால்ல போட்டுடலாம். நீயும் வா."

நான் எழுதினேன். ஒரு பக்கக் கடிதம். ஆனால் எழுதும்போது என் பேனா அவ்வளவு லேசாக ஓடவில்லை. அந்தத் திண்ணையில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். பெரியம்மாவின் கண்களும் எதிரே இருந்தன. நீங்களாக இருந்தால் எந்தப் பக்கம் பேசியிருப்பீர்கள்?

ஏலாக்குறிச்சியில் ஒரு கேள்வி

சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு வேன் புறப்பட்டது. பதினான்கு பெண்கள், இரண்டு குழந்தைகள், ஒரு டிரைவர். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் ஊறுகாயும் பின்பக்கம் தனியாக ஒரு பிரயாணி போல் இடம் பிடித்துக்கொண்டன. அரியலூரை நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எதிர்ப்பட்டன. சிமெண்டு ஆலைகளுக்குப் பெயர்போன ஊர் அது. கீழப்பழுவூர் தாண்டித் திருமானூர் வந்ததும் காற்று மாறியது. கொள்ளிடக் காற்று. அங்கிருந்து ஆற்றின் வடகரையோடு கிழக்கே திரும்பினால் ஏலாக்குறிச்சி.

இந்தச் சின்ன ஊருக்குத் திருக்காவலூர் என்று ஒரு பெயர் சூட்டிக் கலம்பகம் பாடினார் ஒரு புலவர். அவர் பிறந்தது இத்தாலி தேசத்தில், 1680-ஆம் வருஷம். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்றால் பெரியம்மாவுக்குத் தெரியாது. வீரமாமுனிவர் என்றால் குரும்பலூரில் எல்லாருக்கும் தெரியும். 1710-இல் கோவாவில் வந்து இறங்கினார். பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் படித்தார். காவி கட்டினார், மரக்கறி உணவே உண்டார். அரியலூர் ஜமீன்தார் மழவராயருக்கு வந்த ராஜபிளவையை அவர் குணப்படுத்தினார் என்றும், அதற்காக ஜமீன்தார் கோயிலுக்கு நிலம் தந்தார் என்றும் ஏலாக்குறிச்சியில் இன்றும் சொல்கிறார்கள்.

நம் குழந்தைகள் எழுதும் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிவுபடுத்தியவர் அவர். 1732-இல் அவர் முடித்த சதுரகராதி, சொற்களை அகர வரிசையில் அடுக்கித் தந்தது. பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் படைத்து நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவரும் அவரே. இத்தனைக்கும் மேலாகத் தேம்பாவணி. மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட காவியம். அதன் தலைவர் யார் தெரியுமா? சூசையப்பர். மனைவியையும் பிள்ளையையும் உழைத்துக் காப்பாற்றிய ஒரு குடும்பத் தலைவர். தமக்கென்று ஒரு குடும்பம் இல்லாத துறவி, குடும்பஸ்தர் ஒருவரைக் காவியத் தலைவராக்கிவிட்டார்.

அடைக்கல மாதா கோயிலில் கூட்டம் அதிகம் இல்லை. குழந்தைக்கு மொட்டையடிக்க வந்த ஒரு குடும்பம், பரீட்சைக்கு வேண்டிக்கொள்ள வந்த நாலு மாணவிகள். பெரியம்மா கடிதத்தைப் பீடத்தடியில் வைத்துவிட்டு வெகுநேரம் முழங்காலில் இருந்தார்கள். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்ததும் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"ஏம்மா, அந்த முனிவர் அதுக்கப்புறம் ஊருக்கே போகலையா?"

"போகவில்லை பெரியம்மா. முப்பத்தேழு வருஷம் இந்தப் பக்கமே இருந்தார். 1747-இல் மலையாளக் கரையில் அம்பலக்காட்டில் இறந்துபோனார்."

"அவரப் பெத்தவளுக்குச் சேதி போயிருக்குமா?"

அந்தக் காலத்தில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் கப்பல் வரவேண்டும். காற்றுப் பருவம் பார்த்துப் பாய் விரிக்க வேண்டும். ஒரு கடிதம் போய்ப் பதில் வருவதற்கு இரண்டு வருஷம்கூட ஆகிவிடும் என்றேன்.

"ரெண்டு வருஷமா! அதுக்குள்ள ஒரு புள்ள பொறந்து நடக்க ஆரம்பிச்சிடுமே!" என்று பெரியம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

வீரமாமுனிவர் 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்று ஒரு நூல் செய்திருக்கிறார். மகனைப் பறிகொடுத்த மாதாவின் துயரத்தைச் சொல்வது. அதைச் சொன்னதும் பெரியம்மா தலையை ஆட்டினார்கள். "அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்கள். ஒரு தாயை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தவர், தாயின் அழுகையைத் தமிழில் பாடியிருக்கிறார் என்பதை நான் அதுவரை அந்த விதமாக நினைத்துப் பார்த்ததே இல்லை.

கடிதம் என் கைப்பைக்கு வந்தது. தபால் பெட்டியைப் பார்த்ததும் போட்டுவிட வேண்டும் என்று உத்தரவு.

தரங்கம்பாடியின் கடற்கரை

திருவையாறு, தஞ்சை, திருவாரூர் வழியாக அன்று மாலை வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தோம். அங்கே இரவு தங்கல். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், திரும்பும் வழியில் தரங்கம்பாடிக் கடலையும் பார்த்துவிட வேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் பிடித்தார்கள். காரைக்கால் தாண்டினால் தரங்கம்பாடி. வழியில் ஒரு தபால் பெட்டி தென்பட்டது. பெரியம்மாவுக்குக் கண் தெரியாது. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. அது சரியா தவறா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

தரங்கம்பாடியில் டென்மார்க் தேசத்தார் 1620-இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. அலை அரித்து அரித்துப் பாதி விழுங்கிய மாசிலாமணிநாதர் கோயில் அதன் பக்கத்தில். 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலையையும் பார்த்துவிட்ட ஊர் இது.

1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் 9-ஆம் தேதி இந்தக் கரையில் வந்து இறங்கினார் சீகன்பால்கு என்ற ஜெர்மானிய வாலிபர். மறுநாள்தான் அவருக்கு இருபத்துநாலு வயது நிறைந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். கோட்டை அதிகாரிக்கு அவர்மேல் கோபம் வந்து நாலு மாதம் சிறையில் வைத்தார். வெளியே வந்தவர் அச்சுக்கூடம் வைத்து, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்.

அவரும் அவருடைய கூட்டாளிகளும் இங்கிருந்து அனுப்பிய கடிதங்கள் ஜெர்மனியில் ஹால்லே என்ற ஊரில் 1710 முதல் அச்சாகி வந்தன. நம் ஊரார் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிக் கல்யாணம் செய்கிறார்கள், காய்ச்சலுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். அங்கே குளிர்காலத்தில் கணப்பின் அருகே உட்கார்ந்து குடும்பம் குடும்பமாகப் படித்தார்கள். நாம் தொடர்கதைக்குக் காத்திருப்பது போல் அவர்கள் தரங்கம்பாடிக் கப்பலுக்குக் காத்திருந்தார்கள் என்று சொல்லலாம். யாருக்கு ஜுரம், யார் காலமானார் என்ற துயரச் சேதியும் அவற்றில் மறைக்கப்படவில்லை.

சீகன்பால்கு 1716-இல் ஊருக்குப் போயிருந்தபோது மரியா டோரதியா என்ற பெண்ணை மணந்துகொண்டு அதே வருஷம் திரும்பி வந்தார். புராட்டஸ்டண்டு மிஷனரி ஒருவரின் மனைவியாக இந்த மண்ணை முதலில் மிதித்த பெண்மணி அவர். வெயில், கொசு, புது மொழி, புதுச் சமையல், அத்தனைக்கும் நடுவே ஒரு குடித்தனம். தரங்கம்பாடியில் அந்த இல்லறம் மூன்று வருஷம்கூட நிறையவில்லை. 1719 பிப்ரவரி 23-இல், முப்பத்தாறு வயதில், சீகன்பால்கு இறந்துபோனார். முந்தின வருஷம்தான் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். ஏலாக்குறிச்சி முனிவருக்கும் தரங்கம்பாடிக்காரர்களுக்கும் சமய விஷயத்தில் ஆகவே ஆகாது. ஒருவரை ஒருவர் மறுத்துப் புத்தகம் எழுதிக்கொண்டார்கள். ஆனால் முனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டது எந்த அச்சுக்கூடம்? தரங்கம்பாடி அச்சுக்கூடமேதான். பங்காளிச் சண்டை இருந்தாலும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை!

திண்டிவனத்தில் ஓர் இரவு

மணலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். குழந்தைகள் அலையோடு ஓடிப் பிடித்து விளையாடினார்கள். பெரியம்மா கடலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கலியாணம் பண்ணிட்டு வந்தவங்க, புள்ளைங்கள என்ன பண்ணினாங்க?" என்றார்கள் திடீரென்று.

தாயல்லவா, நேராக அந்த இடத்துக்கே வந்துவிட்டார்கள். மிஷனரிக் குடும்பங்களின் பெரிய துக்கமே அதுதான். வெயிலுக்கும் காலராவுக்கும் பயந்து குழந்தைகளைச் சீமைக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்காகவும் அனுப்புவார்கள். பின்னால் 1901-இல் கொடைக்கானல் மலையில் அவர்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது. அதற்கு முன்பு தாய் இங்கே, பிள்ளை அங்கே என்பதே விதி.

வேலூர் ஆஸ்பத்திரியைக் கட்டிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைச் சொன்னேன். வேலூர் ஆஸ்பத்திரி என்றதும் வேனில் வந்த அத்தனை பெண்களும் நெருங்கி உட்கார்ந்தார்கள். யாராவது ஓர் உறவினரை அங்கே சேர்த்துப் பார்த்திராத குடும்பம் நம் பக்கத்தில் ஏது?

ஐடா 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார், தந்தை, பெரியப்பாமார் என்று குடும்பமே இங்கே ஊழியம் செய்த அமெரிக்கக் குடும்பம். சிறுமியாக இருந்த ஐடாவை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தாய் இந்தியாவுக்குக் கப்பலேறினாள். தாய் போன பிறகு, அந்தப் பெண் தாயின் வெறும் தலையணையில் முகம் புதைத்து அழுதாளாம். நான் ஒருநாளும் மிஷனரியாக மாட்டேன் என்று மனத்தில் உறுதி செய்துகொண்டாள்.

"பின்னே எப்படி வந்தா?" என்றார்கள் பெரியம்மா.

"தாய்க்கு உடம்பு சரியில்லை என்று சேதி போயிற்று. தாயைக் கவனித்துக்கொண்டு சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று 1890-இல் திண்டிவனம் வந்தாள்."

ஒருநாள் இரவு மூன்று வீடுகளிலிருந்து, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஐடாவின் தந்தை டாக்டர். அவர் வரத் தயாராக இருந்தார். ஆனால் ஆண் வைத்தியர் வேண்டாம், நீ வா அம்மா என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்கள். அவளுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த இரவுதான் ஐடாவை மாற்றியது. திரும்பிப் போய் டாக்டர் படிப்புப் படித்துவிட்டு, 1900-இல் வந்து சேர்ந்தார். 1902-இல் வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரி திறந்தார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமாகும்வரை இந்த நாடே அவருக்கு வீடாக இருந்தது.

கதை முடிந்து வெகுநேரம் பெரியம்மா பேசவில்லை. ஈர மணலை விரலால் கீறிக்கொண்டிருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: "அந்தம்மா, தனக்கு ஒடம்பு சரியில்லன்னு மகளுக்கு மறைக்காம சேதி சொல்லியிருக்கா பாரு. நான்தான் மறைச்சுட்டேன்."

இன்னும் சற்றுப் பொறுத்து, "கடுதாசியப் போட்டுட்டியா?" என்றார்கள்.

"இல்லை பெரியம்மா."

"பையிலயே இருக்கட்டும்."

அன்று இரவு எட்டு மணி

மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் திரும்பி, ஏழேமுக்காலுக்குக் குரும்பலூர் வந்து சேர்ந்தோம். எட்டு மணிக்குச் செம்பின்மேல் கைப்பேசி ஏறியது.

"அம்மா, சாப்பிட்டியா? வேளாங்கண்ணியில கூட்டமா? இதோ பாரு, வெங்காயம் எவ்வளவு உசரம் வந்திடுச்சு!"

பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எனக்குத் தெரியல கண்ணு. ரெண்டு கண்ணும் புரை மூடிடுச்சு. ஒரு வருஷமா உன் முகமே எனக்குத் தெரியல. பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் மௌனம். சிக்னல் போய்விட்டதோ என்று பேரன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தான். பிறகு அழுகையும் கோபமுமாக ஒரே சமயத்தில் குரல் வந்தது. "ஏம்மா இவ்வளவு நாள் சொல்லல? நான் என்ன, வேத்து மனுஷியா?" நர்ஸ் அல்லவா, அடுத்த நிமிஷமே எந்தக் கண்ணில் அதிகம், சர்க்கரை இருக்கிறதா, கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தது என்று வரிசையாகக் கேள்வி. தம்பியைக் கூப்பிட்டு, இந்த வாரமே தேதி வாங்கச் சொல்லி அதட்டல். பிறகு தணிந்த குரலில், உடனே வர முடியாது; இன்னொரு சிஸ்டர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மதரைக் கேட்டுக்கொண்டு ஒரு மாத லீவில் வருகிறேன் என்றாள்.

"அவசரமில்ல. ஆப்பரேஷன் ஆகட்டும். நீ வர்றப்போ எனக்கு நல்லாக் கண்ணு தெரியணும்" என்றார்கள் பெரியம்மா.

அந்தத் தேசத்தில் பேசுவது சுவாஹிலி மொழி. ஒருவரை ஒருவர் கண்டால் "ஹபாரி?" என்பார்களாம். சேதி என்ன என்று அர்த்தம். "ஹபாரி ஸா ந்யும்பானி?" என்றால், வீட்டுச் சேதி என்ன? மருந்தகத்துக்கு வரும் தாய்மார்கள் ஊசி போட்டுக்கொள்ளுமுன் சிஸ்டரை முதலில் இப்படித்தான் கேட்கிறார்களாம். வழக்கமாக, நல்ல சேதிதான் என்று பதில் சொல்லிவிட வேண்டும். "நாளைக்குக் கேட்டா நிஜத்தையே சொல்லப் போறேன். அவங்களும் உனக்காக வேண்டிக்குவாங்க" என்றாள் மகள்.

நேயர்களே, மிஷனரிகளின் கொள்கையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. நான் அந்த மதத்தைச் சேர்ந்தவள் அல்ல. ஆனால் ஒன்று கண்டுகொண்டேன். தூரதேசம் போய்த் தொண்டு செய்கிறவரின் பாரத்தில் பாதியை, போகாமல் வீட்டில் இருக்கிறவர் சுமக்கிறார். அந்தச் சுமையை இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ள உதவும் கயிறு சேதி ஒன்றுதான். அக்காலத்தில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். பிறகு நீல நிற ஏர் லெட்டர் வந்தது. இன்று கண்மூடித் திறப்பதற்குள் முகமே வந்து நிற்கிறது. ஆனால் மனத்தில் இருப்பதைச் சொல்லாவிட்டால், எட்டு மணி அழைப்பும் இரண்டு வருஷக் கப்பலும் ஒன்றுதான்.

உங்கள் வீட்டிலும் துபாயிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ ஒரு பிள்ளை இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரும்போது, எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லிவிடுமுன் ஒரு விநாடி யோசியுங்கள்.

ஊருக்குப் புறப்படும்போது பெரியம்மா எனக்கு ஒரு டப்பா வெங்காய வடகம் கொடுத்தார்கள். பரண்மேல் இருந்த தூக்கிலிருந்து எடுத்ததா என்று கேட்டேன். "சே, அது அவளுக்கு. இது புதுசாப் போட்டது" என்றார்கள். கடிதம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. வெங்காயக் கட்டுரை எங்கே என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.